அந்தத் தண்ணீரை நான் நீட்டவில்லை

இதை எழுதலாமா, கூடாதா என்று பல வருஷமாக எனக்குள்ளேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கிருத்திகைக்குக் கிருத்திகை முருகன் சன்னதியில் நின்று, "அப்பனே, சொல்லட்டுமா, வாயைப் பொத்திக்கொண்டு இருக்கட்டுமா" என்று கேட்டிருக்கிறேன். வாயைப் பொத்திக்கொண்டு இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்த அறையில் கேட்டதை வெளியில் பேச மாட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சத்தியம் செய்து கொடுத்தவள் நான். என் வீட்டுக்காரருக்குக்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்தவர். "இன்னா நடக்குது அந்த ரூம்ல, மந்திரிக்கிறாங்களா?" என்று கிண்டல் செய்வார். சிரித்துவிட்டுச் சாதம் போடுவேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு விளம்பரம். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தில் வேலைக்கு வந்த பெண் அதை என் போனுக்கு அனுப்பி, "அக்கா, இது நீங்கதானே? சூப்பர் அக்கா" என்று எழுதியிருந்தாள். படித்துப் பார்த்தேன். அதில் இருந்தது நான் இல்லை. எதனால் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீடு பீர்க்கன்கரணையில். குரோம்பேட்டையில் ஒரு மனநல மருத்துவமனை இருந்தது. பெரியது இல்லை. கீழே மருந்துக் கடை, மேலே நாலு அறை, அவ்வளவுதான். அங்கே அட்டெண்டராகச் சேர்ந்தேன். கூட்டுவது, பேரைக் கூப்பிடுவது, பைல் எடுத்துக் கொடுப்பது எல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிட்டது. ஆனால் முக்கியமான வேலை வேறு. அங்கே கவுன்சலிங் பார்த்த சார் ஆண். பெண் நோயாளி வந்தால் அறையில் இன்னொரு பெண் இருக்க வேண்டும் என்பது அந்த இடத்து வழக்கம். அந்த இன்னொரு பெண் நான். கதவோரம் ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். தலையாட்டக் கூடாது, உச்சுக்கொட்டக் கூடாது, அழுதால் நானும் சேர்ந்து அழக் கூடாது. சார் சொன்னார், "வள்ளியம்மா, நீங்க இங்க இருக்கணும், ஆனா இருக்கிற மாதிரி தெரியக் கூடாது." கடைசி வரைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாரும் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொருத்தரிடமும், "நான் டாக்டர் இல்லைங்க, சைக்காலஜிஸ்ட். மாத்திரை எழுத மாட்டேன், அது பெரிய டாக்டர் வேலை" என்று சலிக்காமல் திருத்துவார். அவர்களும் "சரிங்க டாக்டர்" என்பார்கள். ஒல்லியான மனுஷன். வாட்சைக் கழற்றி டிராயரில் வைத்துவிட்டுத்தான் பேச உட்காருவார், மணி பார்க்கிறோம் என்று எதிரில் இருப்பவர்கள் நினைக்கக் கூடாதாம். ஒருத்தர் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அந்த நேரத்தில்தான் நிஜம் வெளியே வரும். கோபம் வந்தால் மேஜையில் இருக்கும் பேனாக்களை வரிசையாக அடுக்குவார். அதுதான் அவருடைய அதிகபட்சக் கோபம்.

அவர் செய்த வைத்தியத்துக்கு சிபிடி என்று பேர். மனசில் ஒரு நினைப்பு வருகிறது, அதனால் பயமோ துக்கமோ வருகிறது. அந்த நினைப்பைப் பிடித்து, இது உண்மையா, ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று கேட்டு, சரியான நினைப்பை எழுதிப் பார்ப்பது. வீட்டுப்பாடமும் உண்டு. இந்த வைத்தியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். தாம்பரம் ஸ்டேஷனில் நடைமேம்பாலம் ஏறினால் மயங்கி விழுந்துவிடுவேன் என்று ஒரு அம்மா வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். சாரும் நானும் அவரோடு படிப்படியாக ஏறினோம். அப்புறம் தனியாக ஏறினார். பாலத்தின் நடுவில் நின்று கீழே போகிற ரயிலைப் பார்த்து, "அட, இவ்ளோதானா" என்று சிரித்தார். படியோரம் நின்றிருந்த நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

ஆகவே என் கோபம் அந்த வைத்தியத்தின் மேல் இல்லை. அது பலிக்காதபோது நோயாளியைக் குற்றவாளி ஆக்குகிறார்களே, அவர்கள் மேல்தான்.

அப்படி ஒரு நோயாளியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், ஜெயந்தி என்று எழுதுகிறேன். அது நிஜப் பேர் இல்லை, அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பேர். பொழிச்சலூரில் வீடு. ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னக் கிளாஸ் டீச்சர். வீட்டுக்காரர், மாமியார், ஒன்றாவது படிக்கிற பெண் குழந்தை. ஒரு குறையும் இல்லாத குடும்பம் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அவருக்குத் தூக்கம் இல்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுவார், சத்தம் கேட்கக் கூடாது என்று. பிறகு எல்லாருக்கும் டிபன் செய்துவிட்டு ஸ்கூலுக்குப் போவார்.

அவர் வந்த முதல் நாளே எனக்குப் பிடித்துப்போயிற்று. உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து, "அக்காவுக்குக் காத்தே வரலையே" என்று டேபிள் பேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த வாரம் முறுக்கு. அதற்கடுத்த வாரம் மல்லிப்பூ. இப்படி ஒரு பெண்ணா என்று நான் உருகிப்போனேன். சார் என் பக்கம் திரும்பிய அந்தப் பேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுப்பாடம் என்றால் வீட்டுப்பாடம், அப்படி ஒரு வீட்டுப்பாடம். முத்து முத்தான எழுத்து. நினைப்பு, ஆதாரம், எதிர் ஆதாரம், மாற்று நினைப்பு என்று கோடு போட்டு, டீச்சர் அல்லவா, சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. சாரே ஆச்சரியப்பட்டு, "உங்க ஷீட்டை மத்தவங்களுக்கு மாதிரியா காட்டலாமா?" என்று கேட்டார். "தாராளமா சார்" என்றார் ஜெயந்தி. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "பரவாயில்ல சார்". தூக்கம்? "பரவாயில்ல சார்." மனச்சோர்வு எவ்வளவு என்று வாராவாரம் நிரப்பித் தருகிற தாளில் மார்க்கும் குறைந்துகொண்டே வந்தது, குறைந்தால் நல்லதாம். சார் சந்தோஷமாக இருந்தார். இன்னும் கொஞ்ச நாளில் முடித்துவிடலாம் என்றுகூடச் சொன்னார்.

அன்றைக்குத்தான் அது வெளியே வந்தது. எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டவர், ஏதோ மறந்துபோன சாமானைக் கேட்பது மாதிரி, "சார், ஒண்ணு கேக்கலாமா? நான் எழுதுற மாற்று நினைப்பு எல்லாம் சரிதான். புரியுது. ஆனா உள்ள ஒண்ணும் அசைய மாட்டேங்குது. நான் இல்லாம போயிட்டா எல்லாருக்கும் ஒரு தொந்தரவு குறையும்னு தோணிக்கிட்டே இருக்கு. சாரி சார், உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்" என்றார்.

அதற்கும் மன்னிப்பு கேட்டார், பாருங்கள்.

சார் அவரை அனுப்பவில்லை. மறுபடியும் உட்கார வைத்தார். நேருக்கு நேராகக் கேட்டார், சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா, எப்படி என்று யோசித்தீர்களா என்று. இப்படி வெளிப்படையாகக் கேட்பார்களா? கேட்க வேண்டும் என்று பின்னால் சொன்னார், கேட்டால்தான் சுமை இறங்குமாம். அன்றைக்கே வீட்டுக்காரரை வரவழைத்து, பெரிய டாக்டரிடம் கூட்டிப் போய், யார் கூட இருப்பது, மாத்திரையை யார் கையில் வைத்துக்கொள்வது என்றெல்லாம் பேசி முடித்த பிறகுதான் அனுப்பினார். பாவம் அந்த வீட்டுக்காரர். "எதுக்குமே குறை சொல்ல மாட்டா சார். அதான் எங்களுக்குத் தெரியவே இல்ல" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பெரிய டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? நான் பைல் எடுத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "இத்தனை மாசம் பார்த்தாச்சு, மார்க்கெல்லாம் நல்லா குறைஞ்சிருந்தது, இப்ப போய் இப்படிச் சொல்றாங்க. அட்டென்ஷன் சீக்கிங்கா இருக்கும். இல்லைன்னா கோ-ஆபரேட் பண்ணல. மாத்திரையைக் கூட்டிப் பார்க்கலாம், கவுன்சலிங்கை முடிச்சு பைலை குளோஸ் பண்ணிடுங்க."

கோ-ஆபரேட் பண்ணவில்லையாம். கோடு போட்டு சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தவளைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது? மருந்து கேட்கவில்லை என்றால் மருந்தை மாற்றுவார்கள். பேச்சு வைத்தியம் கேட்கவில்லை என்றால் மட்டும் ஆளைக் குறை சொல்வார்கள். இந்த நியாயத்தை எந்தக் கடவுள் ஒத்துக்கொள்வார்? சொந்தக்காரர்கள் வேறு. "கோயிலுக்குப் போனா எல்லாம் சரியாப்பூடும்", "சாமி நம்பிக்கை இருந்தா இதெல்லாம் வராது." நான் விரதம் இருக்கிறவள், சொல்கிறேன், வரும். ஜெயந்தி போகாத கோயில் இல்லை. கால் உடைந்தவனைப் பார்த்துச் சாமி கும்பிடவில்லையா என்று யாராவது கேட்கிறார்களா?

பெரிய டாக்டர் முன்னால் சாரால் பேனாவை அடுக்க முடியாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அவங்க கோ-ஆபரேட் பண்ணினதுதான் சார் பிரச்சினையே. நான் சந்தோஷப்படணும்னுதான் மார்க்கைக் குறைச்சிருக்காங்க. என்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு குணமான மாதிரி இருந்திருக்காங்க. நான் அதைப் பாராட்டினேன். தப்பு என்னுது" என்றார். தன் மேலதிகாரியிடம் ஒரு படித்த மனுஷன் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. பைல் மூடப்படவில்லை.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சார் பெங்களூருக்குப் போய் ஸ்கீமா தெரபி என்று ஒன்று கற்றுக்கொண்டு வந்திருந்தார். அது என்ன என்று ஜெயந்திக்கு விளக்கியபோது எனக்கும் சேர்ந்து புரிந்தது. "பணியாரச் சட்டி இருக்கில்ல? என்ன மாவு ஊத்தினாலும் உருண்டையாத்தான் வரும். இவ்வளவு நாள் நாம மாவை மாத்தி மாத்தி ஊத்தினோம். சட்டியோட குழி அப்படியே இருக்கு. அந்தக் குழி சின்ன வயசுல விழுந்தது. அங்க போகணும்." நினைப்பைப் பிடித்து வாதாடுவது மட்டும் இல்லை, அந்த நினைப்பு எந்த வயதில், எந்த இடத்தில் பிறந்ததோ அங்கே போய், அன்றைக்குக் கிடைக்காததை இப்போது கொடுப்பதாம்.

ஜெயந்தி உடனே, "அப்ப இதுக்கு வீட்டுப்பாடம் என்ன சார்?" என்று பேனாவைத் திறந்தார்.

"வீட்டுப்பாடம் எழுதக் கூடாது. அதுதான் இந்த வாரத்து வீட்டுப்பாடம்."

அவர் முகம் வெளிறிப்போயிற்று. அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் சார் அவரைக் கண்ணை மூடச் சொன்னார். "நான் தொந்தரவு" என்கிற உணர்ச்சியை நெஞ்சில் அப்படியே பிடித்துக்கொண்டு, இதே மாதிரி சின்ன வயதில் எப்போது இருந்தது என்று மெதுவாகப் பின்னால் போகச் சொன்னார். அப்புறம் ஜெயந்தி பேசினார், குரலே சின்னதாகிவிட்டது.

ஆறு வயது. அப்பாவுக்கு விபத்து, அம்மா ஆஸ்பத்திரியில் கூடவே இருக்க வேண்டும். ஜெயந்தியைச் செங்கல்பட்டு பக்கம் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். பஸ் ஏறும்போது அம்மா சொல்கிறார், "பெரியம்மாவுக்குத் தொந்தரவு குடுக்காம இருந்தாத்தான் அம்மா வந்து கூட்டிட்டுப் போவேன்." அந்த அம்மாவும் என்ன செய்வாள், அவசரத்தில் சொன்ன வார்த்தை. குழந்தை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. சமையலறையில் தண்ணீர்க் குடம் உயரமான மேடையில். கைக்கு எட்டாது. கேட்டால்தான் கிடைக்கும். மத்தியான வெயில், பெரியம்மா படுத்திருக்கிறார், எழுப்பினால் தொந்தரவு. குழந்தை குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

சார் கேட்டார், "நான் அந்த வீட்டுக்குள்ள வரலாமா?"

"எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்" என்றார் ஜெயந்தி, கண்ணைத் திறக்காமலேயே.

கற்பனையில் வருவதற்குக்கூடச் சிரமம் கொடுக்க மாட்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அழுகையா, சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

"சிரமம் இல்லை, நான் வரேன்" என்று சொல்லிச் சார் உள்ளே போனார். அந்தக் குழந்தையிடம் பேசினார். "தாகம் எடுக்கிறது தப்பில்ல கண்ணு. அம்மா வர்றதுக்கும் நீ தண்ணி கேக்குறதுக்கும் சம்பந்தமே இல்லை. பெரியவங்கதான் உனக்குக் கேக்காமலே கொண்டு வந்து குடுத்திருக்கணும்." நான் மனசுக்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு, "இப்ப பெரிய ஜெயந்தி உள்ள வரட்டும். அந்தக் குழந்தையைப் பாருங்க. யார் மாதிரி இருக்கா?" என்றார்.

"என் பொண்ணு மாதிரி."

சொல்லிவிட்டு அழுதார். குழாயைத் திறந்து விடாத அழுகை, நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வெளியே பெஞ்சில் அவருடைய பெண் ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பெஞ்சு நுனியில், அம்மா உட்காருகிற மாதிரியே. பசிக்கிறதா, பிஸ்கட் வேண்டுமா என்று எப்போது கேட்டாலும் அந்தக் குழந்தை சொல்வது, "பரவாயில்ல ஆன்ட்டி." அதுவரைக்கும் எவ்வளவு சமர்த்து என்று மெச்சிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். அன்று சாயந்திரம் சார் என்னைக் கூப்பிட்டார். "வள்ளியம்மா, இனிமே ஜெயந்தி வரும்போது தண்ணிப் பானையும் டம்ளரும் உங்க ஸ்டூல் பக்கத்துல இருக்கணும். ஆனா நீங்களா அவங்களுக்குத் தண்ணி குடுக்கக் கூடாது. அவங்க கேக்கணும். அதுதான் அவங்களுக்கு வேலை. அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். "இன்னா சார் இது? கத்திரி வெயில்ல பொழிச்சலூர்லேந்து வருது அந்தப் பொண்ணு. வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காதேன்னு சொல்ற வைத்தியம் ஒரு வைத்தியமா? எங்க வூட்டு வாசல்ல வெயில் காலத்துல போறவன் வர்றவனுக்கெல்லாம் பானை வெச்சிருக்கோம் சார். இந்தப் பாவம் என் தலையில எதுக்கு?"

சார் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், "நீங்க குடுத்தா அவங்க குடிப்பாங்க, நன்றி சொல்வாங்க, அடுத்த வாரம் உங்களுக்கு முறுக்கு கொண்டு வருவாங்க. உள்ள நிக்கிற குழந்தை குடத்தைப் பார்த்துக்கிட்டே நிக்கும். உங்க புண்ணியத்தைக் கொஞ்ச நாள் எனக்காகத் தள்ளி வைங்க. பாவம் இருந்தா என் கணக்குல எழுதிக்கச் சொல்லுங்க உங்க முருகனை."

அப்படி ஆரம்பித்தது. ஜெயந்தி வேர்வை சொட்ட வருவார். பானை என் பக்கத்தில். உதடு காய்ந்து வெள்ளையாக இருக்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வாரம், "அக்கா, உங்களுக்குத் தண்ணி வேணுமா?" என்று என்னைக் கேட்டார். சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஜெயந்திக்கும் வந்துவிட்டது. இன்னொரு வாரம், "தண்ணி இருக்கா அக்கா?" என்றார். என் கை டம்ளருக்குப் போய்விட்டது. சார் லேசாகத் தலையை அசைத்தார், இது கேட்டதில் சேராது என்று. "இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலை அதுதான். ஆபீஸ் முடிந்து போகும்போது கோயிலில் விளக்கேற்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போவேன்.

மற்ற வேலையும் நடந்துகொண்டுதான் இருந்தது. காலி நாற்காலி ஒன்று போடுவேன். அதில் "தொந்தரவு குடுக்காதே" என்று மண்டைக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிற குரல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஜெயந்தி அதோடு பேச வேண்டும். முதலில் அந்த நாற்காலிக்கும் "நீங்க சொல்றதும் சரிதாங்க" என்று மரியாதையாகப் பேசினார். ஏர்போர்ட் பக்கத்தில் இருப்பதால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம், தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது பேச்சைத் தானாக நிறுத்திவிடுவோம், போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். ஒரு நாள் ஜெயந்தி அந்த நாற்காலியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது விமானம் வந்தது. அவர் நிறுத்தவில்லை. விமானத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். "ஆறு வயசு. எனக்கு ஆறு வயசு. தண்ணி கேக்குறது தொந்தரவா? இன்னும் எவ்வளவு நாள் நான் ஓரமாவே நிக்கணும்?" விமானம் போய்விட்டது. அவர் குரல் மட்டும் அறையில் நின்றது. கீழே மருந்துக் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தாராம்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஜெயந்தி என் பக்கம் திரும்பினார்.

"அக்கா. எனக்குத் தண்ணி வேணும்."

மொண்டு கொடுத்தேன். கடகடவென்று குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுப்பார், தேங்க்ஸ் சொல்வார் என்று கையை நீட்டினேன். அவர் டம்ளரை நீட்டி, "இன்னொண்ணு" என்றார்.

முதல் டம்ளர் வீட்டுப்பாடமாகக்கூட இருந்திருக்கலாம். இரண்டாவது அப்படி இல்லை. அது தாகம். சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அதற்குப் பிறகும் வெகுகாலம் வந்தார். மாத்திரை தொடர்ந்தது, பெரிய டாக்டர் பார்த்துத்தான் மெதுவாகக் குறைத்தார். நடுவில் சரிந்து, மறுபடி ஏறி, மறுபடி சரிந்து. வீட்டுக்காரரை வரவழைத்து, வீட்டு வேலையில் எது யாருடையது என்று பேசினார்கள். மாமியார் ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாராம், அப்புறம் சட்னி அரைக்க ஆரம்பித்தாராம். எனக்கு முறுக்கு வருவது நின்றுபோயிற்று. ஒரு நாள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் தடதடவென்று இடித்தார்கள். திறந்தால் அந்தக் குழந்தை. "அம்மா, பசிக்குது. எவ்ளோ நேரம் பேசுவ?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வேறு யாராக இருந்தாலும் சீ, போ என்றிருப்பார்கள். ஜெயந்தி சாரைப் பார்த்தார், "இன்னைக்கு இதோட போதும் சார்" என்று எழுந்து போய்விட்டார். டைம் முடியவில்லை. அவராக முடித்துக்கொண்டார்.

இதுதான் நடந்தது. இப்போது அந்த விளம்பரம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

நான் ஓய்வு பெற்றேன். சாரும் மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். மருத்துவமனையை ஒரு கம்பெனி வாங்கி, கண்ணாடி போட்டு, ஏசி வைத்துவிட்டது. சார் எழுதி வைத்திருந்த பைல்களும் அவர்கள் கைக்குப் போயின. விளம்பரத்தில் ஒரு அழகான படம். மேலே, "எட்டே அமர்வுகளில் மீண்டும் புன்னகை." கீழே கதை. ஒரு ஆசிரியை மனச்சோர்வோடு வந்தாராம். வழக்கமான வைத்தியத்திலேயே எட்டு வாரத்தில் குணமாகிவிட்டாராம். ஒரு நாள் தளர்ந்துபோய் உட்கார்ந்திருந்தவருக்கு அங்கே வேலை செய்யும் ஒரு எளிய தாய் அன்போடு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாராம். அதைப் பார்த்ததும் அவர் மனம் உடைந்து அழுது தெளிந்துவிட்டாராம். "நாங்கள் கேட்காமலே கொடுப்போம்" என்று முடித்திருந்தார்கள்.

எட்டு வாரம். அந்தப் பெண் பட்ட பாடெல்லாம் எட்டு வாரம். பலிக்காத வைத்தியம் பலித்ததாகிவிட்டது, பலித்த வைத்தியத்தின் பேரே இல்லை. இதைப் படித்துவிட்டு எட்டு வாரத்தில் குணமாகாத ஒரு பெண் என்ன நினைப்பாள்? நம்மால் இதுவும் முடியவில்லை, நாம் இங்கேயும் தொந்தரவு என்று நினைக்க மாட்டாளா? எல்லாவற்றுக்கும் மேலே, அந்தத் தண்ணீர். அவர் வாயைத் திறந்து கேட்பதற்கு எத்தனை மாசம் ஆனது, என்னென்ன பட்டார். அதைப் பிடுங்கி என் கையில் கொடுத்து, எனக்குத் தாய் என்று பட்டம் வேறு.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டு சாரிடம் புலம்பினேன். "எனக்கும் கோபம்தான். ஆனா அது என் கதை இல்ல வள்ளியம்மா. உங்க கதையும் இல்ல. அவங்களைக் கேளுங்க" என்றார்.

ஜெயந்தி ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். யாரோ அவர் குடும்பக் குரூப்பிலேயே, இது அவர் கதை என்று தெரியாமல், ரோஜாப்பூ போட்டு அனுப்பியிருக்கிறார்கள். "நாளைக்கு அங்க போறேன் அக்கா. நீங்க வரீங்களா? நீங்க பேச வேண்டாம். சும்மா உட்கார்ந்திருங்க" என்றார். எனக்குத் தெரிந்த வேலைதானே. போனேன்.

மேனேஜர் ஒரு இளம் பெண். நன்றாகத்தான் பேசினாள். "மேம், உங்க பேரே போடலையே. கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்னு சிம்பிளா மாத்தியிருக்கோம், அவ்வளவுதான்."

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டிருக்கணும் மேம், சாரி. ஆனா பரவாயில்ல மேம், நாலு பேருக்கு நல்லதுதானே."

ஜெயந்தி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குரலை உயர்த்தவில்லை. "பரவாயில்லைன்னு சொல்ல வேண்டியது நான். நான் சொல்லல. இப்பவே எடுங்க. எடுக்குற வரைக்கும் இங்கதான் இருப்பேன். அதுவரைக்கும் எனக்கும் அக்காவுக்கும் குடிக்கத் தண்ணி வேணும்."

தண்ணீர் வந்தது. விளம்பரமும் எடுக்கப்பட்டது. ஆனால் என்ன பிரயோஜனம், கை விட்டுப் போனது போனதுதான். இன்னும் யார் யார் போனிலோ காலை வணக்கத்தோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளியே வந்து ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜெயந்தி சொன்னார், "அக்கா, நீங்க பார்த்ததை அப்படியே எழுதுங்க. என்னைப் பெரிய ஆளா ஆக்க வேண்டாம். இன்னும் சில நாள் குழாயைத் திறந்து விடத் தோணுது, அதையும் எழுதுங்க. மூடிட்டு வெளிய வந்து யாரையாவது கூப்பிடுறேன், அதையும் எழுதுங்க." என் சத்தியத்திலிருந்து அவர் என்னை விடுவித்தார். முருகனும் இதற்குத்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தான் போலிருக்கிறது.

எழுதிவிட்டேன். இதைப் படிப்பவர்களுக்கு வைத்தியம் பார்த்தும் தேறாத யாரையாவது தெரிந்திருந்தால் அவர்களிடம் காட்டுங்கள். ஒரு வைத்தியம் கேட்கவில்லை என்றால் வேறு வைத்தியம் இருக்கிறது, குறை அவர்களுடையது இல்லை என்று தெரியட்டும். ஆனால் கொடுக்கும்போது அப்படியே கொடுங்கள். நீளமாக இருக்கிறது என்று மாசங்களை வாரங்கள் ஆக்காதீர்கள். படிக்க இதமாக இருக்கும் என்று அந்த டம்ளரை என் கையில் முதலில் கொடுத்துவிடாதீர்கள். பானை பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். கேட்டது அவர்.